ஸ்பீக்கரில் கேட்கும் கரண்ட் உறுமல்: கண்டுபிடித்து நீக்க ஒரு முழு வழிகாட்டி

கச்சேரிப் பதிவைக் கேட்கும்போது ஆலாபனையின் இடைவெளிகளில்தான் ஒரு ஆடியோ செட்டின் தரம் தெரியும். பாடகர் மூச்சு வாங்கும் அந்த ஓரிரு நொடியில் தம்பூரா மட்டும் கேட்க வேண்டும். பல வீடுகளில் கூடவே ஒரு 'உம்ம்ம்' கேட்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த உறுமல் 50 ஹெர்ட்ஸிலோ, 100 ஹெர்ட்ஸிலோ, அவற்றின் மடங்குகளிலோ இருக்கும். ஒரு கட்டை சுருதிக்கு மந்திர பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் உறுமல் அதற்குச் சற்று மேலே, சுருதி சேராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். காது பழகியவர்களை இது எவ்வளவு தொந்தரவு செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்குக் கடையில் முதலில் காட்டப்படுவது விலை உயர்ந்த பவர் கேபிளும் பவர் கண்டிஷனரும்தான். அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நான் பார்த்தவரை, 'கரண்ட் இரைச்சல்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கரண்ட் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் வருவதே இல்லை. பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கிற சிக்னல் ஒயர் வழியாகத்தான் வருகிறது. எந்த வழி என்று தெரியாமல் எதை வாங்கினாலும் பணம்தான் போகும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். செலவு கடைசியில் வரட்டும்.

முதல் படி: எந்த மாதிரி சத்தம்?

பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமைச் சாதாரணமாகக் கேட்கும் அளவில் வைத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள்.

அடித்தொண்டை 'உம்ம்' என்றால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். எர்த் லூப் (எர்த் ஒயர் வழியாக உருவாகும் வளையம், நான்காம் படியில் சொல்கிறேன்), அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் சிக்னல் ஒயரில் ஏறுவது காரணமாக இருக்கலாம். கூர்மையான 'ர்ர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மேல் மடங்குகளும். டிம்மர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், ஆம்புக்குள்ளேயே வயதாகிப்போன கெப்பாசிட்டர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். எது எந்த ஹெர்ட்ஸ் என்று காதால் பிரிக்க முடியாவிட்டால், போனில் ஒரு இலவச ஸ்பெக்ட்ரம் அனலைசர் செயலியைப் போட்டு ஸ்பீக்கர் முன் பிடியுங்கள். கோடு எங்கே எழும்புகிறது என்று தெரிந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் நிற்கும்போது 'டப்', மிக்ஸி ஓடும்போது 'கர்கர்' என்றால் உண்மையிலேயே மின் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ வருகிற இரைச்சல். மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' மட்டும் கேட்டால் அது ஆம்பின் சொந்த இரைச்சல். கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இந்த வழிகாட்டியும் அதற்கு உதவாது.

இன்னொன்று: ஸ்பீக்கர் சுத்தமாக இருந்து, ஆம்ப் பெட்டியே உறுமினால் அது வேறு விஷயம். கடைசியில் வருகிறேன்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்பின் பின்னால் உள்ள சிக்னல் ஒயர்கள் அத்தனையையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். இப்போது ஆம்பை ஆன் செய்யுங்கள்.

இரைச்சல் அப்படியே இருந்தால், வால்யூமைத் திருகிப் பாருங்கள். வால்யூமோடு ஏறி இறங்கினால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிறது. திறந்து கிடக்கும் இன்புட் ஆன்டெனா மாதிரி இரைச்சலைப் பிடிக்கவும் கூடும்; நடுப்பின்னையும் வெளிவளையத்தையும் இணைத்த ஒரு ஆர்சிஏ பிளக்கை (ஆடியோ பெட்டிகளின் பின்னால் சொருகும் வட்ட பிளக்) அந்த இன்புட்டில் சொருகிப் பார்த்தால் உறுதியாகிவிடும். இதை இன்புட்டில் மட்டும்தான் சொருக வேண்டும், அவுட்புட்டில் கூடாது. வால்யூமை எங்கே வைத்தாலும் இரைச்சல் மாறவில்லை என்றால் பவர் ஆம்ப் பகுதியிலோ அதன் பவர் சப்ளையிலோ குறை.

ஒயர்களைக் கழற்றியதும் அமைதியாகிவிட்டதா? அப்படியானால் ஆம்ப் நல்லது. இனி ஒரு பெட்டியை மாட்டுங்கள், கேளுங்கள். அடுத்ததை மாட்டுங்கள், கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்; இல்லாவிட்டால் 'டம்' என்ற சத்தத்தில் ட்வீட்டர் போய்விடக்கூடும். எதை மாட்டியதும் உறுமல் திரும்புகிறதோ, அங்கேதான் வழி இருக்கிறது.

டிவியோடு செட்-டாப் பாக்ஸ் இருந்தால் ஒரு கூடுதல் சோதனை: பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் டிவி ஒயரை மட்டும் கழற்றுங்கள். லேப்டாப் இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓடவிடுங்கள். நம்மூர் வீடுகளில் பாதிக் கதை இந்த இரண்டு சோதனைகளிலேயே முடிந்துவிடும்.

மூன்றாம் படி: எர்த் இருக்கிறதா, ஒழுங்காக இருக்கிறதா?

இதில் அவசரப்படாதீர்கள். மூன்று பின் சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பது சகஜம்.

மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து அளக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் அளவில் இருக்கும். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும்; 90, 120 என்று ஏதோ ஒரு எண்ணில் அலைந்தால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஐந்தைத் தாண்டினால் எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

நியூட்ரல்–எர்த் சுத்தமாக பூஜ்யம் என்றால் சந்தோஷப்படாதீர்கள். அதே சாக்கெட் லைனில் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு மறுபடி அளங்கள். நல்ல வயரிங்கில் அது கொஞ்சமாவது ஏறும், ஏனென்றால் நியூட்ரல் ஒயரில் கரண்ட் ஓடும்போது சிறு வோல்டேஜ் இழப்பு உண்டு. அப்போதும் பூஜ்யமாகவே நின்றால், சாக்கெட்டுக்குப் பின்னால் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்டரை ஏமாற்றச் செய்யும் வேலை இது. அந்த நியூட்ரல் ஒயர் ஒரு நாள் கழன்றால், ஆம்பின் உலோகப் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். ஆடியோ இரைச்சலையும் இது கூட்டும்: நியூட்ரலில் ஓட வேண்டிய கரண்டில் ஒரு பங்கு உங்கள் சிக்னல் ஒயரின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாகப் போகும். உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பை மாட்டிப் பார்க்கும் பழைய சோதனையை வேண்டாம் என்பேன். எர்த் அறுந்திருந்தால், பல்பு வழியாக அந்த எர்த் ஒயரில் மாட்டிய எல்லாப் பெட்டிகளின் உடம்பிலும் ஃபேஸ் ஏறும்.

எர்த் குழி உள்ள தனி வீடுகளில் கோடையில் உறுமல் கூடுகிறது என்றால் குழி காய்ந்திருக்கலாம். கரியும் உப்பும் போட்ட பழைய முறைக் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்குக் கீழே இருக்கட்டும். அதற்கென்று உள்ள மீட்டரை வைத்து எலக்ட்ரீஷியன் அளந்து சொல்வார். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் இதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

ஆடியோவுக்கு மட்டும் தனியாக ஒரு எர்த் கம்பி அடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வீட்டு எர்த்தோடு இணைக்காத தனி எர்த் கூடாது. இரண்டு குழிகளுக்கும் இடையே எப்போதும் ஒரு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும்; பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகும். அது கடந்து போகும் பாதை உங்கள் ஆம்பாகத்தான் இருக்கும்.

இதைவிட முக்கியமானது: உறுமல் போவதற்காக மூன்றாவது பின்னை உடைப்பதும், இரண்டு பின் அடாப்டரில் மாட்டுவதும் உயிரோடு விளையாடுவது. உறுமல் போகத்தான் செய்யும். ஆனால் உள்ளே ஒரு இன்சுலேஷன் கெட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. இரட்டைச் சதுரக் குறி போட்ட, தயாரிக்கும்போதே இரண்டு பின்னோடு வந்த பெட்டிகள் மட்டும்தான் எர்த் இல்லாமல் ஓடலாம்.

நான்காம் படி: எர்த் லூப்பை உடைப்பது

ஆம்புக்கு எர்த் உண்டு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கும் எர்த் உண்டு. இரண்டையும் ஆர்சிஏ ஒயர் இணைக்கிறது. இப்போது எர்த் ஒயர், ஆம்ப், ஆர்சிஏ ஷீல்டு, கம்ப்யூட்டர், மறுபடி எர்த் ஒயர் என்று ஒரு வளையம் உருவாகிவிட்டது. இந்த வளையத்தில் சிறு அளவில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். ஆர்சிஏவில் ஷீல்டுதான் சிக்னல் திரும்பும் வழியும் என்பதால், அந்த கரண்ட் ஷீல்டில் உண்டாக்கும் வோல்டேஜ் பாட்டோடு சேர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 1 மில்லி ஆம்பியர் கரண்ட் 0.1 ஓம் ஷீல்டில் ஓடினால் 0.1 மில்லி வோல்ட். வீட்டு லைன் சிக்னல் சுமார் 316 மில்லி வோல்ட். ஆக, உறுமல் பாட்டுக்கு 70 டெசிபல் கீழே. அமைதியான அறையில் இது மெல்லியதாகக் கேட்கலாம். பிளக்கில் பச்சை பிடித்து ரெசிஸ்டன்ஸ் 1 ஓம் ஆகிவிட்டால் 50 டெசிபல், யாருக்கும் கேட்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் ஆர்சிஏ பிளக்குகள் சீக்கிரம் கறுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே சில வீடுகளில் உறுமல் பாதியாகும். ஒயர் குட்டையாகவும் ஷீல்டு தடிமனாகவும் இருப்பது ஏன் நல்லது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

லூப்பை உடைக்கும் வழிகளை மலிவிலிருந்து சொல்கிறேன்.

எல்லா ஆடியோ பெட்டிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். 6 ஆம்பியர் பாக்ஸ் சுமார் 1,380 வாட் தாங்கும். சாதாரண ஸ்டீரியோவுக்கு அது ஏராளம். அறையின் அடுத்த மூலையில் தனி சாக்கெட்டில் மாட்டிய சப்வூஃபர்தான் அடிக்கடி குற்றவாளி. அதற்கும் இதே பாக்ஸிலிருந்து நீள ஒயர் இழுங்கள்.

டிவி, செட்-டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் ஆகியவற்றில் ஆப்டிகல் அவுட்புட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வெளிச்சம் மட்டும் போகும் ஒயரில் கரண்ட் ஓட வழியே இல்லை. லூப் அங்கேயே அறுந்துவிடும். ஆம்பில் ஆப்டிகல் இன்புட் இல்லையென்றால் ஒரு சிறிய டிஏசி (டிஜிட்டல் சிக்னலை அனலாகாக மாற்றும் பெட்டி) வாங்கினால் போதும். டிவி வழியாக வரும் உறுமலுக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை. கேபிள் டிவி ஒயரின் ஷீல்டு தெருக்கம்பம், மொட்டை மாடி என்று பல இடங்களில் தரையோடு தொடர்புகொண்டுதான் உங்கள் வீட்டுக்குள் நுழைகிறது. அந்த ஒயரில் மாட்டும் கால்வனிக் ஐசொலேட்டரும் (நேரடி உலோகத் தொடர்பை அறுக்கும் சிறு பாகம்) உண்டு. ஆனால் டிஷ் வைத்திருப்பவர்கள் அதைப் போட முடியாது: டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி என்ற ரிசீவருக்கு அதே ஒயரில்தான் 13 அல்லது 18 வோல்ட் டிசி போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும். அவர்களுக்கு ஆப்டிகல்தான் வழி.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அமைதியானால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மூன்று பின் சார்ஜர் என்றால் மேலே சொன்ன அதே லூப். இரண்டு பின் சார்ஜர் என்றால், அதற்குள் இரைச்சலைக் குறைக்கப் போட்டிருக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் சிறு கரண்ட். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் விறுவிறுவென்று இருப்பதற்கும் இதுதான் காரணம். யூஎஸ்பி டிஏசி வைத்திருந்தால் யூஎஸ்பி ஐசொலேட்டர் இரண்டையும் சரிசெய்யும். வாங்கும்போது வேகத்தைப் பாருங்கள்: 12 மெகாபிட் வகை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போதும்.

அனலாகில்தான் இணைக்க வேண்டும் என்ற நிலையில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைச் சிக்னல் ஒயரில் போடலாம். 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று மலிவாகக் கிடைப்பவற்றில் உள்ளே இருப்பது கடுகளவு கோர் (சுருளுக்கு நடுவே உள்ள இரும்பு). மிருதங்கத்தின் தொப்பியும் தவிலும் அதில் மெலிந்துவிடும். சப்வூஃபருக்கு அதைப் போடவே கூடாது. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் விலை அதிகம். அந்தப் பணத்துக்கு எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு இணைப்பு உள்ள பெட்டிக்கு மாறுவதை யோசிக்கலாம். அதில் சிக்னல் இரண்டு தனிக் கம்பிகளில் போவதால் ஷீல்டில் ஓடும் கரண்ட் பாட்டைத் தொடாது.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு காந்தம் அசையும் வகை) தருவது வெறும் 5 மில்லி வோல்ட் அளவு. போதாததற்கு, அந்தச் சிறு சிக்னலைப் பெருக்கும் போனோ பிரீஆம்பின் ஆர்ஐஏஏ திருத்தம் (தட்டில் குறைத்துப் பதிந்த அடிச்சத்தத்தை மீட்பது) 1 கிலோஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸை 17 டெசிபல் தூக்கிவிடும். அதனால் டர்ன்டேபிளின் மெல்லிய கிரவுண்ட் ஒயர் போனோ பிரீஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து டர்ன்டேபிள் தள்ளி இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் இரைச்சல் கிளப்புபவை

லூப் போன பிறகும் 'ர்ர்ர்' மிச்சமிருந்தால், ஆம்ப் இருக்கும் லைனை மட்டும் விட்டுவிட்டு மெயின் பெட்டியில் உள்ள மற்ற எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் நிற்கிறதோ, அந்த லைனில் உள்ள சாதனங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சட்டைப்பை ரேடியோ ஒன்று இருந்தால் இன்னும் வசதி. மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மோசமான எல்இடி பல்பு, மலிவு போன் சார்ஜர் பக்கத்தில் போகும்போது ரேடியோ சீறும். அந்தப் பல்பை மாற்றுவது எந்த ஃபில்டரையும்விட மலிவு, பலனும் நிச்சயம்.

ஃபேன் ரெகுலேட்டரில் வேகம் தொடர்ச்சியாக மாறும் எலக்ட்ரானிக் வகை, டிரையாக் என்ற பாகத்தை வைத்து கரண்ட் அலையை நொடிக்கு 100 முறை வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு கூர்மையான இரைச்சல். 1, 2, 3, 4 என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை அலையை வெட்டுவதில்லை. ஹாலில் பாட்டுக் கேட்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். ஒரு ரெகுலேட்டர் விலையில் முடிகிற வேலை.

சுவிட்சைத் தொட்டால் ஸ்பீக்கர் பொரிகிறது, பிளக்கை ஆட்டினால் சத்தம் மாறுகிறது என்றால் லூஸ் காண்டாக்ட். இரைச்சலைவிடத் தீ ஆபத்து பெரிது, உடனே மாற்றுங்கள். ஒரு அறையில் விளக்கு பிரகாசமாகி இன்னொரு அறையில் மங்கினால் மெயினில் நியூட்ரல் லூஸாகியிருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஈபிக்குச் சொல்லுங்கள், ஆடியோவைப் பிறகு பார்க்கலாம்.

ஆறாம் படி: ஒயர் போகும் வழி

பவர் ஒயரையும் சிக்னல் ஒயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். அடாப்டர்களை ஆம்பின் இன்புட் பக்கம் வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

ஏழாம் படி: இப்போது செலவு செய்யலாம்

ஃபெரைட் கிளிப் மலிவானது. சார்ஜர் ஒயரை அதற்குள் மூன்று சுற்று சுற்றினால் ஒரு சுற்றைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேலை செய்யும். உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு மட்டுமே பயன். 50 ஹெர்ட்ஸ் உறுமலை அது தொடாது.

மின்காந்த இரைச்சலை வடிகட்டும் இஎம்ஐ ஃபில்டரும் அப்படித்தான். மிக்ஸியின் 'கர்கர்', சார்ஜர் சீறல் ஆகியவற்றைக் குறைக்கும். அதற்குள் இருக்கும் ஒய் கெப்பாசிட்டர்கள் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுகின்றன. எர்த் இல்லாத சாக்கெட்டில் இதை மாட்டினால் இரைச்சல் போக இடமில்லாமல் பெட்டியின் உடம்பிலேயே நிற்கும், தொட்டால் விறுவிறுக்கும். மூன்றாம் படியை முடிக்காமல் இங்கே வரக்கூடாது என்பது இதனால்தான்.

ஸ்பைக் பஸ்டர் வோல்டேஜ் திடீரென எகிறுவதைத் தாங்க உதவும். இரைச்சலுக்கு அதிகம் செய்யாது. ஸ்டெபிலைசரும் வோல்டேஜைச் சரிசெய்யத்தான். அதன் ரிலே மாறும்போது கூடுதலாக ஒரு 'டிக்' கேட்கலாம்.

இன்வெர்ட்டர் விஷயத்தில் ஒரே கேள்வி: கரண்ட் போனபோது மட்டும் இரைச்சல் வருகிறதா? ஆம் என்றால் அது ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். சைன் வேவ் வகைக்கு மாறுங்கள், அல்லது ஆடியோ பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் இரைச்சல் உள்ளே வருகிறது என்றால், இரு சுருள்களுக்கு நடுவே ஷீல்டு வைத்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடலாம். சாதாரண ஸ்டீரியோவுக்கு 500 விஏ போதும். எர்த் ஒயர் அதைத் தாண்டி அப்படியே ஆம்புக்கு வர வேண்டும், அதனால் எர்த் லூப்பை இது குணப்படுத்தாது. டிரான்ஸ்ஃபார்மரே லேசாக உறுமும் என்பதால் அறைக்கு வெளியே வைப்பது நல்லது.

ஆம்புக்குள்ளேயே கோளாறு என்றால்

பழைய ஆம்பில், ஒயர்களை எல்லாம் கழற்றிய பிறகும், வால்யூம் எங்கே இருந்தாலும் மாறாத 100 ஹெர்ட்ஸ் கேட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். நம்மூர் வெப்பத்தில் அவற்றுக்கு ஆயுள் குறைவு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆம்பை மூடிய அலமாரிக்குள் வைக்காமல் இருப்பது இதற்காகத்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும், ஆகவே திறப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அதே அளவு மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி வகை போடச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரில் எதுவும் கேட்காமல் ஆம்ப் பெட்டி மட்டும் உறுமினால், அது டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மராக இருக்க வாய்ப்பு அதிகம். ஏசியில் சில நூறு மில்லி வோல்ட் டிசி கலந்தாலே இந்த வகையின் கோர் நிறைந்து உறும ஆரம்பிக்கும். குறைந்த சூட்டில் ஓடும் ஹேர் டிரையர் அலையின் ஒரு பாதியை மட்டும் இழுப்பதால் இப்படி டிசி உண்டாக்கும். அதை அணைத்ததும் உறுமல் நின்றால் காரணம் உறுதி. நாள் முழுக்க இருந்தால் டிசி பிளாக்கர் என்ற சிறு சர்க்யூட்டை மெக்கானிக் ஆம்புக்கு முன்னால் போட்டுத் தருவார். அதற்கு முன்பு டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் நடு போல்ட் லூஸாக இருக்கிறதா, அதன் அடியில் உள்ள ரப்பர் வட்டம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.